வெள்ளத்தில் நனைந்த மரச்சாமான்: எறிவதா, மீட்பதா?

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னைக் கடற்கரையை ஒட்டி நகர்ந்து, ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. வெள்ளம் வடிந்த பின் வடசென்னையின் தெருமுனைகளில் குவிந்த பொருட்களைச் சற்றுக் கவனித்தவர்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டிருக்கும். விம்கோ நகரில் வசிக்கும் நான் கண்ட குவியல்களில் பெரும்பகுதி மரத்தூள் பலகையில் செய்த அலமாரிகள், தொலைக்காட்சி மேசைகள், கட்டில்கள். தண்ணீரில் ஊறி, ரொட்டிபோல் உப்பி, கை வைத்தால் உதிர்ந்தன. அவற்றுக்கிடையே ஆங்காங்கே, ஒரு கால் ஆடுகிறது என்பதற்காகவும், பாலிஷ் வெளுத்துவிட்டது என்பதற்காகவும் எறியப்பட்ட பழைய தேக்கு நாற்காலிகளும் வேப்ப மரப் பெட்டிகளும் கிடந்தன. முன்னவற்றைக் காப்பாற்ற எவராலும் இயலாது. பின்னவை சில வார உழைப்பில் இன்னும் முப்பது ஆண்டுகள் உழைக்கக்கூடியவை. இரண்டும் ஒரே லாரியில் ஏறின.

பழைய மரச்சாமான்களைச் சொந்தக் கையால் புதுப்பிப்பது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்றே நம்மில் பலர் கருதுகிறோம். கைபேசித் திரையில் சில நிமிடங்களில் ஒரு பழைய மேசை பளபளப்பாக மாறும் காட்சிகள் அந்த எண்ணத்தை வலுப்படுத்துகின்றன. ஆனால், ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுக்குள் தண்ணீர் வரக்கூடிய பகுதிகளில் இது குடும்பப் பொருளாதாரம் சார்ந்தது. குழந்தைகளின் உடல்நலம் சார்ந்தது. நகரின் குப்பை மேலாண்மை சார்ந்தது. மிக்ஜாம் புயலுக்குத் தமிழக அரசு வழங்கிய நிவாரணம் குடும்பத்துக்கு ரூ.6,000. ஒரு கட்டிலையும் ஒரு பீரோவையும் புதிதாக வாங்க அந்தத் தொகை போதாது என்பதை எல்லோரும் அறிவர். எதை எறிய வேண்டும், எதை மீட்கலாம் என்ற தெளிவு அந்த நேரத்தில் மதிப்புமிக்க ஒரு நிவாரணம்.

தீக்குச்சி ஊரும் ஸ்வீடனும்

விம்கோ நகர் என்ற பெயரே மரத்தோடு தொடர்புடையது. ஸ்வீடன் நாட்டுத் தீக்குச்சி நிறுவனம் 1923இல் இந்தியாவில் தொடங்கிய ‘வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி’யின் சுருக்கமே ‘விம்கோ’. திருவொற்றியூரில் அமைந்த அதன் ஆலையால் ஊருக்கும், பின்னர் ரயில் நிலையத்துக்கும், 2021 பிப்ரவரியில் வந்து சேர்ந்த மெட்ரோ நிலையத்துக்கும் இப்பெயர் வாய்த்தது. மென்மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, குச்சிகளாக நறுக்கி, உலர்த்தி, மருந்து தோய்ப்பதே தீப்பெட்டித் தொழிலின் அடிப்படை. மரத்தின் ஈரப்பதம் சிறிது பிசகினாலும் குச்சி முறியும் அல்லது வளையும்.

அதே ஸ்வீடனில் 1943இல் தொடங்கப்பட்ட ‘ஐகியா’ நிறுவனம், வாங்குபவரே வீட்டில் பூட்டிக்கொள்ளும் மரச்சாமான் என்ற கருத்தை உலகமெங்கும் பரப்பியது. 2018 ஆகஸ்டில் ஐதராபாத்தில் அதன் முதல் இந்தியக் கடை திறக்கப்பட்டது. குறைந்த விலையும் எளிய போக்குவரத்தும் இந்த வகைச் சாமான்களின் பெரும் நன்மைகள். அவற்றை மட்டுமே வாங்கும் திறன் கொண்ட குடும்பங்களைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால், இந்த மாதிரியைப் பின்பற்றி நம் சந்தையில் குவியும் மலிவுப் பலகைகள், தரையில் தண்ணீர் நிற்காத வீடுகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. கடலுக்கும் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்துக்கும் இடைப்பட்ட ஊர்களுக்கு அவை பொருந்துமா என்பதை யாரும் கேட்பதில்லை.

எது மீளும், எது மீளாது?

வீட்டுச் சாமான்களில் பயன்படும் மரப்பொருட்களை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, முழுமரம். தேக்கு, வேம்பு, பலா, பூவரசு, வாகை, ஈட்டி ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவது, ஒட்டுப்பலகை எனப்படும் பிளைவுட். மூன்றாவது, மரத்தூளையும் சிம்புகளையும் யூரியா-ஃபார்மால்டிஹைடு போன்ற பிசினில் குழைத்து, வெப்பமும் அழுத்தமும் தந்து உருவாக்கும் தூள்பலகை.

முழுமரம் தண்ணீரில் உப்பும். உலர்ந்தால் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பும். அதன் இழைகள் இயற்கையாகவே ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதே காரணம். தூள்பலகையில் நிலைமை வேறு. அழுத்தி நெருக்கப்பட்ட சிம்புகள் ஈரம் பட்டதும் விரிகின்றன. அவற்றைப் பிடித்திருந்த பிசின் பிடி விடுகிறது. உலர்ந்த பின்னும் அவை பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. ஆகவே, உப்பிய தூள்பலகையைப் பழுதுபார்ப்பதில் பணத்தையோ உழைப்பையோ செலவிடுவது வீண். ஒட்டுப்பலகை இடைப்பட்டது. கொதிநீரைத் தாங்கும் பசையால் ஒட்டப்பட்ட, ஐ.எஸ். 710 என்ற தரக்குறியீடு கொண்ட பலகை வெள்ளத்தைப் பெரும்பாலும் தாங்கும். தரம் குறைந்தது ஏடு ஏடாகப் பிரியும்.

அடையாளம் காண்பது எளிது. பெயின்ட் படாத அடிப்பகுதியையோ இழுப்பறையின் பின்புறத்தையோ பாருங்கள். மேற்பரப்பில் ஓடும் இழைக்கோடு விளிம்பிலும் தொடர்ந்தால் அது முழுமரம். அடுக்கடுக்கான கோடுகள் தெரிந்தால் ஒட்டுப்பலகை. பொடிமணிகள்போல் தெரிந்தால் தூள்பலகை.

எண்ணூர்ப் பகுதிக்கு மட்டும் ஓர் எச்சரிக்கையைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 வெள்ளத்தில் தண்ணீரோடு கச்சா எண்ணெய்க் கழிவும் கலந்து வந்ததை நாடே அறியும். எண்ணெய் ஊறிய மரத்தைச் சோப்பு நீரால் முழுமையாகச் சுத்தப்படுத்த முடியாது, பசையும் பாலிஷும் அதில் பிடிக்காது, வாடையும் நீங்காது. அது தேக்கே ஆனாலும், கட்டிலாகவோ தொட்டிலாகவோ சமையலறைத் தட்டாகவோ மீண்டும் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

உலர்த்துவதே முதல் மருத்துவம்

வெள்ளம் வடிந்த மறுநாள் எல்லோரும் செய்வது, நனைந்த சாமான்களை வெயிலில் போடுவது. முழுமரத்துக்கு இது தீங்கு. மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், அவற்றுக்குக் குறுக்கான திசையில் ஏற்படுவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. மேற்பரப்பு வேகமாக உலர்ந்து, உட்பகுதி ஈரமாகவே இருந்தால், இந்த ஏற்றத்தாழ்வு பலகையை வளைக்கும், வெடிப்பை உண்டாக்கும்.

சரியான முறை இதுதான். முதலில் நல்ல தண்ணீரால் சேற்றையும் உப்பையும் கழுவ வேண்டும். இழுப்பறைகள், கதவுகள், பின்பலகை ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். உப்பியதால் சிக்கிக்கொண்ட இழுப்பறையை வலிந்து இழுக்காமல், பின்பலகையை எடுத்துப் பின்னாலிருந்து தள்ளலாம். பிறகு, காற்றோட்டமுள்ள நிழலில், தரையில் படாதவாறு செங்கல் மீதோ மரக்கட்டை மீதோ நிறுத்தி, பொறுமையாக உலரவிட வேண்டும். பலகையின் கனத்தைப் பொறுத்து இதற்கு வாரங்கள் ஆகலாம். வடகிழக்குப் பருவமழை முடியும்வரை பெயின்ட், பாலிஷ் பற்றி நினைக்கவே கூடாது. ஈரத்தை உள்ளே வைத்துப் பூசிய பூச்சு, கோடையில் செதில் செதிலாக உரியும்.

ஆடும் நாற்காலியின் மூட்டுகள்

ஆடும் நாற்காலியைக் கண்டால் ஆணி அடிப்பது நம் பழக்கம். ஆணி மரத்தைப் பிளக்கும், கடற்காற்றில் துருப்பிடிக்கும், துரு மரத்தைக் கறைப்படுத்தி இற்றுப்போகச் செய்யும். பழைய நாற்காலிகள் ஆணியை நம்பிச் செய்யப்பட்டவை அல்ல. ஒரு கட்டையின் முனையை நாக்குபோல் செதுக்கி, மற்றொன்றில் தோண்டிய துளையில் இறுகச் செருகி, விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சிய வச்சிரப் பசையால் பிடிக்க வைத்தார்கள். வச்சிரம் வெந்நீரிலும் ஆவியிலும் இளகும். இது குறைபாடுபோல் தோன்றினாலும், மரச்சாமானின் நீண்ட ஆயுளுக்கு இதுவே காரணம். மூட்டு தளர்ந்தால் பசையை இளக்கிப் பிரித்து, சுத்தம் செய்து, மீண்டும் ஒட்டலாம்.

இன்று வீடுதோறும் உள்ள வெள்ளைப் பசை ஈரமற்ற இடத்தில் வலுவானது, பயன்படுத்த எளிது. ஆனால், பழைய பசையின் மீது புதுப்பசை ஒட்டாது. மூட்டைப் பிரித்து, பழைய பசை முழுவதையும் சுரண்டி எடுத்து, வெற்று மரம் தெரிந்த பிறகே புதிதாகப் பூச வேண்டும். பூசியதும் கயிற்றால் இறுகக் கட்டி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கி, ஒரு நாள் முழுவதும் அசைக்காமல் விட்டால் போதும். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

பழைய பெயின்ட்டில் ஒளிந்திருக்கும் ஈயம்

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய முக்கியக் காரணம் இதுதான். பழைய கட்டில், தொட்டில், சன்னல் ஆகியவற்றின் பெயின்ட்டை உப்புத்தாளால் உலர்நிலையில் தேய்ப்பதையும், நெருப்புக் காட்டிச் சுரண்டுவதையும் நம் தெருக்களில் அன்றாடம் காணலாம். அருகிலேயே குழந்தைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

நிறத்துக்காகவும் விரைவில் உலர்வதற்காகவும் எண்ணெய்ப் பெயின்ட்டுகளில் ஈயச் சேர்மங்கள் பல பத்தாண்டுகள் சேர்க்கப்பட்டு வந்தன. வீட்டு உபயோகப் பெயின்ட்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதிகள் 2016இல் வெளியாகி, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் பூசப்பட்ட மஞ்சள், பச்சை, சிவப்பு எண்ணெய்ப் பெயின்ட் எதையும் ஈயம் கலந்தது என்றே கருதிக் கையாள்வதுதான் பாதுகாப்பு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஈயத்துக்கு ‘பாதுகாப்பான அளவு’ என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பழைய பெயின்ட் உறுதியாக ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டாமல் மேலே புதிய பூச்சுப் பூசலாம். சுரண்டியே ஆக வேண்டுமானால், தண்ணீர் தெளித்து, ஈரநிலையில் தேய்க்க உதவும் தாளால் தேய்க்க வேண்டும். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு இருக்க வேண்டும், முகக்கவசம் அவசியம், குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அந்த இடத்தில் இருக்கக் கூடாது. கழிவைக் கூட்டிப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். நெருப்புக் காட்டுவது அறவே கூடாது. சூட்டில் எழும் ஈயப்புகை தூசியைவிடக் கொடியது. பெயின்ட் பூசிய பழைய மரத்தைக் குளிர்காயவோ வெந்நீர் போடவோ எரிப்பதும் இதே ஆபத்துதான்.

அரக்கும் எண்ணெய்த் துணியும்

மரத்தின் இயல்பான அழகை விரும்புவோருக்கு நம் நாட்டுக்கே உரிய ஒரு பொருள் இருக்கிறது. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் அரக்கைச் சுத்திகரித்து, ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவதே தச்சர்கள் சொல்லும் ‘பிரெஞ்ச் பாலிஷ்’. பெயர் பிரெஞ்சுக்காரர்களுடையது, அரக்கு உற்பத்தியில் ஜார்க்கண்ட் உள்ளிட்ட இந்தியப் பகுதிகளே முன்னணியில் இருக்கின்றன. இதன் சிறப்பு, கீறல் விழுந்த இடத்தில் மட்டும் மீண்டும் பூசினாலும் பழைய பூச்சோடு கலந்துவிடும் என்பது. குறை, ஈரக்காற்றில் பூசினால் வெண்படலம் படியும். ஆகவே தை முதல் வைகாசி வரையிலான மாதங்களே இதற்கு ஏற்றவை. ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்படியில் இந்த வேலை கூடாது.

ஆளிவிதை எண்ணெய் பூசுவோர் இன்னோர் ஆபத்தை அறிந்திருக்க வேண்டும். இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து உலர்கிறது. அப்போது வெப்பம் வெளிப்படுகிறது. எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால், வெப்பம் வெளியேற வழியின்றித் திரண்டு, தானாகவே தீப்பிடிக்கும். தீப்பெட்டி செய்த ஊரில், தீக்குச்சியே இல்லாமல் வீடு எரிய இந்த ஒரு துணி போதும். அத்தகைய துணிகளை விரித்துக் கொடியில் உலர்த்தி, பின் நீரில் நனைத்து அப்புறப்படுத்த வேண்டும்.

உப்புக்காற்று, ஓதம், துறைமுகத்துப் பலகை

வடசென்னையில் மரத்தைவிட விரைவில் அழிவது இரும்பு. கடற்காற்றின் உப்பு பீரோவின் அடிப்பாகத்தில் படிந்து ஈரத்தை ஈர்க்கிறது. துருவின் மேலேயே பெயின்ட் பூசினால், அடியில் துரு வளர்ந்துகொண்டே இருக்கும். நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, உலர்த்தி, கம்பித் தூரிகையால் துருவை நீக்கி, அன்றே ரெட் ஆக்சைடு பூச வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் கடற்காற்று மீண்டும் துருவேற்றத் தொடங்கிவிடும். தரையிலிருந்து நான்கு அங்குலம் உயர்த்தும் கட்டைகள் அடுத்த மழைக்குக் காப்பீடு போன்றவை.

சுவர்களிலும் இதே தத்துவம்தான். ஓதம் ஏறி உப்புப் பூத்த சுவரில் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட் அடித்தாலும் ஒரு பருவம்கூட நிற்காது. நீர் ஏறும் வழியை அடைக்காமல் வண்ணம் மாற்றுவது பயனற்றது. அதுவரை, சுவர் மூச்சுவிட இடம்தரும் சுண்ணாம்பே செலவு குறைந்த நல்ல தீர்வு.

சென்னை, காமராஜர், காட்டுப்பள்ளி ஆகிய மூன்று துறைமுகங்களின் அருகாமையால், சரக்கு ஏற்றிவந்த பைன் மரச் சட்டங்கள் இங்கு மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் அலமாரி, மேசை செய்வது இளைஞர்களிடையே பெருகிவருகிறது. வரவேற்கத்தக்கதுதான். ஆனால், அவற்றில் பொறித்த முத்திரையைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நாடு விட்டு நாடு செல்லும் மரப்பொதிகளில் பூச்சிகளை அழிக்க வேண்டும் என்பது 2002இல் ஏற்கப்பட்ட சர்வதேசத் தரவிதி. கோதுமைக் கதிர்போன்ற சின்னத்துடன் ‘எச்.டி.’ என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், மரத்தின் மையப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடங்கள் சூடாக்கப்பட்டது என்று பொருள்; வீட்டில் பயன்படுத்தலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவால் புகையூட்டப்பட்டது; தவிர்க்க வேண்டும். முத்திரை எதுவாயினும், ரசாயனக் கறை படிந்த சட்டம் வீட்டுக்குள் வரக் கூடாது.

யார் கையால்?

மேலை நாடுகளில் இந்தப் பழக்கம் வளர்ந்ததற்குக் கைவினைஞர் கூலி உயர்ந்ததும் ஒரு காரணம். இங்கே நிலைமை வேறு. தச்சரின் பிழைப்பைப் பறிக்கும் யோசனையா இது என்று சிலர் கேட்கக்கூடும். என் பார்வையில், தச்சருக்குப் போட்டி வீட்டுக்காரரின் உப்புத்தாள் அல்ல. ஐந்தாண்டில் உதிரும் தூள்பலகை. கழுவுதல், உலர்த்துதல், தேய்த்தல், பூச்சு ஆகியவற்றை வீட்டாரே செய்யலாம். உடைந்த காலுக்கு மாற்றுக்கட்டை இணைப்பது, மூட்டை மறுபடி செதுக்குவது, உளுத்த பகுதியை வெட்டி ஒட்டுப்போடுவது ஆகியவை தேர்ந்த கைகளுக்கு உரியவை. பழையதைக் காக்க விரும்பும் வீடுகள் பெருகினால், தச்சருக்கும் பிரம்பு பின்னுபவருக்கும் வேலை பெருகும். அலுவலக நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னும் தொழிலில் பார்வை மாற்றுத்திறனாளிகள் பலர் ஈடுபட்டுவந்ததையும், பிளாஸ்டிக் நாற்காலிகள் அந்த வாய்ப்பைச் சுருக்கியதையும் மறக்கலாகாது.

தவிர, கைவேலை என்பதே தாழ்ந்தது என்ற மனப்பான்மை நம் சமூகத்தில் ஆழமாக ஊறியது. தன் வீட்டு நாற்காலியைத் தானே தேய்த்து மெருகேற்றும் ஒருவருக்கு, அதை நாள்தோறும் செய்பவரின் உழைப்பின் விலை புரியும். தாமே பூட்டிய பொருளை மக்கள் கூடுதலாக மதிக்கிறார்கள் என்பதை 2012இல் மைக்கேல் நார்ட்டன் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் சோதனைகளால் காட்டி, அதற்கு ‘ஐகியா விளைவு’ என்று பெயரிட்டார்கள். மகளுக்குச் சீராக வந்த கட்டிலையும், ஆலையில் ஓய்வுபெற்ற தந்தை சாய்ந்திருந்த நாற்காலியையும் தம் கையால் மீட்டவர்களுக்கு இந்த ஆய்வு தேவைப்படாது.

அரசு செய்ய வேண்டியது

2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கான இணையவாசலைத் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டு மின்சாதனங்கள், வாகனங்கள் என்ற நான்கு துறைகள் அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டன. மரச்சாமான் அதில் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் மார்டினே போஸ்ட்மா 2009இல் தொடங்கிய ‘பழுதுநீக்கக் கூடங்கள்’, தன்னார்வலர்களும் பொதுமக்களும் ஒரே மேசையில் அமர்ந்து பழைய பொருட்களைச் சரிசெய்யும் இடங்களாக இன்று பல நாடுகளில் பரவியுள்ளன. இதற்கான ஆள்பலம் வடசென்னையில் ஏற்கெனவே இருக்கிறது. ஃபிட்டர், டர்னர், தச்சர் என்று வாழ்நாள் முழுவதும் கருவி பிடித்து ஓய்வுபெற்ற கைகள் இங்கு ஒவ்வொரு தெருவிலும் உண்டு.

மாநகராட்சியின் சமுதாயக் கூடங்களில் மாதம் ஒரு நாள் இத்தகைய கூடம் நடக்கட்டும். பெருமழைக்குப் பின் வாகன நிறுவனங்கள் நடத்தும் பழுதுநீக்க முகாம்களைப் போல மரச்சாமான்களுக்கும் முகாம்கள் அமைக்கப்படட்டும். 25 வகைக் கைவினைத் தொழில்களுக்கு ரூ.3 லட்சம் வரை கடனுதவி அளிக்கும் தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில், பழைய மரச்சாமான் மீட்பு ஒரு பயிற்சிப் பிரிவாக இடம்பெறட்டும். நிவாரணப் பொருட்களோடு, எதை எறிவது, எதை மீட்பது, பெயின்ட்டை எப்படிச் சுரண்டுவது என்று விளக்கும் ஒரு துண்டறிக்கையும் வீடுதோறும் சேரட்டும். இவற்றில் எதற்கும் பெருந்தொகை தேவையில்லை.

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன். அது நாற்காலியாக நிற்கும்வரை காற்றில் கலப்பதில்லை. எரித்தால் புகையாகும், எறிந்தால் கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் இன்னொரு அடுக்காகும். அந்தப் புகையையும் அடுக்கையும் ஏற்கெனவே சுமந்துகொண்டிருப்பவர்கள் வடசென்னை மக்களே. அடுத்த பருவமழைக்கு முன், வீட்டிலுள்ள ஒவ்வொரு மரச்சாமானையும் ஒருமுறை திருப்பி அதன் அடிப்பகுதியைப் பார்த்து வைப்போம். எதைக் காக்க வேண்டும் என்பதை வெள்ளம் வந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது.